சொன்னதைச் சொல்லும்போது ஆங்கிலத்தில் எந்தக் காலம்? கேள்வி-பதில்

சேலம் சுற்றுவட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் இன்டைரக்ட் ஸ்பீச், அதாவது ஒருவர் சொன்னதை நம் வாக்கியமாக மாற்றிச் சொல்வது பற்றியவை மட்டும் இங்கே. ஆங்கில வாக்கியங்களைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். வாய்விட்டுப் படியுங்கள், வித்தியாசம் சீக்கிரம் பிடிபடும்.

கே: ஏற்காட்டில் ஒரு விடுதியில் ரிசப்ஷனில் இருக்கிறேன். ஒரு கெஸ்ட் போனில் 'ஐ வில் கம் டுமாரோ' என்றார். ரிஜிஸ்டரில் 'தி கெஸ்ட் செட் ஹி வில் கம் டுமாரோ' என்று எழுதினேன். மேனேஜர் 'வுட்' போடச் சொல்கிறார். 'வுட்' போட்டால் வருவாரோ மாட்டாரோ என்று சந்தேகப்படுவது போல் ஆகாதா?

ப: ஆகாது. இந்த இடத்தில் 'வுட்' என்பது 'வில்'லின் இறந்தகால வடிவம், அவ்வளவுதான். உங்கள் வாக்கியத்தில் உண்மையான ஆபத்து 'டுமாரோ'வில் இருக்கிறது. செவ்வாய் இரவு நீங்கள் எழுதியதைப் புதன் காலை ஷிப்ட்டுக்கு வந்தவர் படித்தால் வியாழனுக்கு அறை ஒதுக்கி வைப்பார். கெஸ்ட் புதன் மதியமே பெட்டியோடு வந்து நிற்பார்.

தமிழில் 'நாளைக்கு வர்றேன்னு சொன்னார்' என்கிறோம். சொன்னவர் வாயிலிருந்து வந்ததை அப்படியே எடுத்து வைத்து, ஒரு 'னு' போட்டால் முடிந்தது. காலம் மாறாது, 'வர்றேன்' கூட 'வர்றார்' ஆக வேண்டியதில்லை. ஆங்கில இன்டைரக்ட் இப்படி இயங்குவதில்லை. இப்போது சொல்கிறவர் எந்த நேரத்தில், எந்த இடத்தில் நிற்கிறாரோ அங்கிருந்து எல்லாவற்றையும் புதிதாக அளக்கும். அதனால்தான் 'ஐ' போய் 'ஹி' வருகிறது, 'வில்' போய் 'வுட்' வருகிறது, 'டுமாரோ' போய் 'தி நெக்ஸ்ட் டே' வருகிறது. மூன்றும் ஒரே காரணத்துக்காக நடக்கும் மாற்றங்கள். காலத்தை மட்டும் மாற்றிவிட்டு நாளை விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு.

போனை வைத்த கையோடு மேனேஜரிடம் வாயால் சொல்கிறீர்கள் என்றால் 'ஹி செட் ஹி வில் கம் டுமாரோ' சரியே. அவருடைய நாளை உங்களுக்கும் இன்னும் நாளைதான். அந்த நாள் கடந்த பிறகு சொன்னால் 'வுட்' மட்டுமே. ரிஜிஸ்டரை யார், எப்போது படிப்பார் என்று தெரியாது. அதனால் அங்கே தேதியையே எழுதுங்கள்: 'தி கெஸ்ட் செட் ஹி வுட் கம் ஆன் வெட்னஸ்டே, 14 மே.' 'தி நெக்ஸ்ட் டே' என்பதைவிட இதுவே பாதுகாப்பு.

இடத்துக்கும் இதே கணக்குதான். ஏற்காட்டில் ஒருவர் 'இட் இஸ் கோல்ட் ஹியர்' என்றதை ஏற்காட்டிலேயே இருந்து சொன்னால் 'ஹியர்' அப்படியே நிற்கும். சேலத்துக்கு இறங்கி வந்து சொன்னால் 'தேர்'. பாடப்புத்தகப் பட்டியல் 'ஹியர் என்றால் தேர்' என்று ஒரே போடாகப் போட்டுவிடும். தேர்வுக்கு அது போதும், வாழ்க்கைக்குப் போதாது.

கே: பத்தாம் வகுப்பு, ஓமலூர். 'தி எர்த் கோஸ் ரவுண்ட் தி சன்' என்பதை மாற்றக் கூடாது என்று டீச்சர் சொன்னார். 'ஏற்காடு இஸ் 1515 மீட்டர்ஸ் அபவ் சீ லெவல்' என்பதையும் மாற்றக் கூடாதா?

ப: மாற்ற வேண்டாம். மலையின் உயரம் நேற்று ஒன்று, இன்று ஒன்று என்று இருக்காது. 'தி கைட் செட் தட் ஏற்காடு இஸ் 1515 மீட்டர்ஸ் அபவ் சீ லெவல்' என்றே எழுதலாம். 'வாஸ்' என்று எழுதினாலும் ஆங்கிலம் தப்பில்லை. ஆனால் தேர்வுத்தாள் திருத்துகிறவர் 'என்றும் உண்மை என்றால் மாற்றாதே' என்ற விதியைத்தான் தேடுவார், அதனால் 'இஸ்' நல்லது.

'இட் இஸ் மிஸ்டி டுடே' என்பது வேறு. மூடுபனி அன்றைக்கு இருந்தது, இன்றைக்கு இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? 'ஷி செட் தட் இட் வாஸ் மிஸ்டி தட் டே' என்று மாற்றியே ஆக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம் உண்டு: 'மை பிரதர் வொர்க்ஸ் இன் தி ஸ்டீல் பிளான்ட்.' அண்ணன் இன்னும் அங்கே வேலை பார்த்தால் 'வொர்க்ஸ்', 'வொர்க்ட்' இரண்டும் சரி. தேர்வில் இந்த ரகம் வந்தால் மாற்றிவிடுங்கள், மார்க் குறையாது.

இன்னொன்று, இதை வகுப்பில் அதிகம் சொல்வதில்லை. காலத்தை மாற்றாமல் விட்டால் 'இது உண்மைதான்' என்று நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போடுவதாக அர்த்தம். பழங்கால மக்கள் சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்று சொன்னார்கள் என்பதை எழுதும்போது 'தே செட் தி சன் வென்ட் ரவுண்ட் தி எர்த்' என்றுதான் வர வேண்டும். 'கோஸ்' போட்டால் நீங்களும் அதை நம்புவதாக ஆகிவிடும்.

கே: 'செட்' வந்துவிட்டால் 'பெய்ட்', 'வென்ட்' போன்ற சிம்பிள் பாஸ்ட் எல்லாமே 'ஹேட் பெய்ட்', 'ஹேட் கான்' என்று ஆக வேண்டுமா? என் மகள் பயிற்சி நோட்டில் வரிக்கு இரண்டு 'ஹேட்' இருக்கிறது. (ஆத்தூர்)

ப: எல்லாமே ஆக வேண்டியதில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் இலக்கணப் பட்டியலுக்கும் நடைமுறைக்கும் அதிக தூரம் இருப்பது இங்கேதான்.

முதலில் வினைச்சொல் எந்த ரகம் என்று பாருங்கள். 'பெய்ட்', 'ரீச்ட்', 'லெஃப்ட்' போன்றவை ஒரே வீச்சில் முடிந்துபோகும் செயல்கள். 'ஐ பெய்ட் தி ஃபீஸ்' என்று அவர் சொன்னதை 'ஹி செட் ஹி பெய்ட் தி ஃபீஸ்' என்றாலும் 'ஹி செட் ஹி ஹேட் பெய்ட் தி ஃபீஸ்' என்றாலும் கேட்கிறவர் குழம்ப மாட்டார்.

ஆனால் 'வாஸ்', 'லிவ்ட்', 'நியூ' போன்றவை ஒரு நிலையைச் சொல்பவை. 'ஹி செட் ஹிஸ் வைஃப் வாஸ் இல்' என்றால் அவர் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஏனென்றால் 'மை வைஃப் இஸ் இல்' என்பதும் 'வாஸ்' ஆகத்தானே மாறும்! அதற்கு முன்பே உடம்புக்கு வந்து குணமாகிவிட்டது என்றால் 'ஹேட் பீன் இல்' போட்டே தீர வேண்டும். 'ஹி செட் ஹி லிவ்ட் இன் ஆத்தூர்' என்பதும் இப்படித்தான். முன்பு இருந்தார், இப்போது இல்லை என்றால் 'ஹேட் லிவ்ட்'. ஒரு விடுப்புக் கடிதத்திலோ போலீஸ் புகாரிலோ இந்த ஒரு 'ஹேட்' தகவலையே புரட்டிப் போட்டுவிடும்.

'ஐ ஹேட் ஃபீவர்' என்பது 'ஹி செட் ஹி ஹேட் ஹேட் ஃபீவர்' ஆகும். இரண்டு 'ஹேட்' அடுத்தடுத்து வருவதைப் பார்த்து மகளை அடிக்க வேண்டாம், அது சரி. முதலாவது துணைவினை, இரண்டாவது முதன்மை வினை.

'ஹேட்' வரக் கூடாத இடங்களும் உண்டு. 'வென் ஐ ரீச்ட் தி ஜங்ஷன், தி டிரெயின் ஹேட் லெஃப்ட்' என்பதில் எது முன், எது பின் என்ற வரிசை ஏற்கெனவே தெளிவாக இருக்கிறது. மாற்றும்போது 'ஹி செட் தட் வென் ஹி ரீச்ட் தி ஜங்ஷன், தி டிரெயின் ஹேட் லெஃப்ட்.' 'ரீச்ட்'டை 'ஹேட் ரீச்ட்' ஆக்கினால் இரண்டும் ஒரே படியில் ஏறி நின்று வரிசை அழிந்துவிடும். 'ஹேட் லெஃப்ட்' ஏற்கெனவே கடைசிப் படியில் இருக்கிறது, அதைவிடப் பின்னால் தள்ள ஆங்கிலத்தில் வேறு காலமே கிடையாது.

ஆண்டு குறிப்பிட்ட வரலாற்றுச் செய்திக்கும் தேவையில்லை. 'தி கைட் செட் தட் தி மேட்டூர் டேம் வாஸ் கம்ப்ளீட்டட் இன் 1934' என்பதே இயல்பு. 1934 என்று சொன்ன பிறகு காலத்தை வேறு யாரும் விளக்கத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று: 'ஹேட்'டுக்குப் பின்னால் மூன்றாம் வடிவம்தான். 'ஹேட் வென்ட்', 'ஹேட் சா', 'ஹேட் கேம்' என்று மகள் நோட்டில் இருந்தால் அதைத்தான் முதலில் திருத்துங்கள். 'ஹேட் கான்', 'ஹேட் சீன்', 'ஹேட் கம்'.

கே: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம். வெளியூர் பார்ட்டிக்கு மெயிலில் 'தி கூரியர் டோல்ட் தட் தி பார்சல் ரீச் யெஸ்டர்டே' என்று எழுதுகிறோம். என்ன தப்பு?

ப: மூன்று தப்பு. 'டோல்ட்'டுக்குப் பின்னால் யாரிடம் என்று ஆள் வர வேண்டும்: 'டோல்ட் அஸ்', 'டோல்ட் மீ'. ஆளைச் சொல்ல விருப்பமில்லையா, 'செட்' போடுங்கள். 'டோல்ட் டு மீ' வேண்டாம், நடுவில் 'டு' வராது. 'செட்'டுக்கு மட்டும்தான் 'டு'.

அடுத்து 'ரீச்' என்று வெறுமனே நிற்கிறது. 'ஹேட் ரீச்ட்' என்றும் போடலாம், 'ரீச்ட்' என்றும் போடலாம், நிகழ்கால வடிவம் மட்டும் கூடாது. கூடவே எங்கே சேர்ந்தது என்றும் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில் 'ரீச்' இடமில்லாமல் நிற்காது. மூன்றாவது 'யெஸ்டர்டே'. வியாபார மெயிலைப் பார்ட்டி என்றைக்குத் திறப்பாரோ, தேதியே போடுங்கள்: 'தி கூரியர் டோல்ட் அஸ் தட் தி பார்சல் ஹேட் ரீச்ட் யுவர் ஷாப் ஆன் 9 ஜூன்.' பணப் பாக்கி பற்றிய மெயிலில் இது இன்னும் முக்கியம். 'யூ செட் யூ வுட் பே நெக்ஸ்ட் வீக்' என்று எழுதினால் எந்த வாரம் என்று பார்ட்டி வசதியாகக் குழம்பிக்கொள்வார்.

கே: நர்சிங் மாணவி, சேலம். 'தி டாக்டர் ஆஸ்க்ட் தட் டிட் ஷி டுக் தி டேப்லெட்' என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். சிஸ்டர் முழுவதையும் அடித்துவிட்டார்.

ப: அடித்ததில் நியாயம் இருக்கிறது. டாக்டர் கேட்டது 'டிட் யூ டேக் தி டேப்லெட் லாஸ்ட் நைட்?' இதை இப்படிப் பிரித்து மாற்றுங்கள். 'டிட்'டைத் தூக்கிவிடுங்கள். அது சுமந்துகொண்டிருந்த இறந்தகாலம் வினைக்குப் போய்ச் சேரும், 'டேக்' என்பது 'ஹேட் டேக்கன்' ஆகும். 'யூ' என்பது 'ஷி' ஆகும். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வி என்பதால் 'இஃப்' அல்லது 'வெதர்'. 'லாஸ்ட் நைட்' என்பது 'தி நைட் பிஃபோர்'. முடிவில் கேள்விக்குறி வேண்டாம், முற்றுப்புள்ளி. 'தி டாக்டர் ஆஸ்க்ட் ஹெர் இஃப் ஷி ஹேட் டேக்கன் தி டேப்லெட் தி நைட் பிஃபோர்.'

'ஆஸ்க்ட் தட்' நம் ஊரில் அதிகம் கேட்கும். 'என்று கேட்டார்' என்பதில் உள்ள 'என்று'வைத் 'தட்' ஆக்கிவிடுகிறோம். கேள்விக்கு முன்னால் 'தட்' கிடையாது. 'வாட்', 'வேர்', 'வென்' இருந்தால் அதுவே இணைத்துக்கொள்ளும்: 'ஹி ஆஸ்க்ட் வேர் தி பெய்ன் வாஸ்.' 'வேர் வாஸ் தி பெய்ன்' என்று கேள்வி வரிசையிலேயே விட்டுவிடாதீர்கள். எழுவாய் முன்னால், வினை பின்னால். 'ஹூ'வே எழுவாயாக இருந்தால் மட்டும் புரட்ட வேண்டியதில்லை: 'ஹி ஆஸ்க்ட் ஹூ ஹேட் கிவன் ஹெர் தி இன்ஜெக்ஷன்.'

கே: 'ஐ டிட்ன்ட் நோ யூ ஆர் இன் சேலம்.' சரியா?

ப: 'யூ வெர் இன் சேலம்.' அவர் இன்னும் எதிரில்தான் நிற்கிறார் என்றாலும் 'வெர்'தான். 'டிட்ன்ட் நோ', 'தாட்', 'ஹோப்ட்' எல்லாம் 'செட்' போலவே பின்னால் வருவதை இழுக்கும். 'ஐ தாட் யூ வில் கம்' என்பதும் தப்பு, 'ஐ தாட் யூ வுட் கம்.'

கே: டிரைவர் பயிற்சிப் பள்ளியில் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதுகிறேன். 'மஸ்ட்' எப்போதும் 'ஹேட் டு' ஆகுமா?

ப: கட்டாயத்தைச் சொல்லும்போது ஆகும். 'யூ மஸ்ட் யூஸ் செகண்ட் கியர்' என்பது 'ஹி டோல்ட் மீ தட் ஐ ஹேட் டு யூஸ் செகண்ட் கியர்.' இனிமேல் செய்ய வேண்டியது என்றால் 'வுட் ஹேவ் டு' என்றும் வரலாம். 'மஸ்ட்'டை அப்படியே விட்டாலும் தப்பில்லை.

ஊகம் என்றால் தொடாதீர்கள். 'தி பிரேக்ஸ் மஸ்ட் பி ஹாட்', அதாவது சூடேறியிருக்கும் என்று ஒருவர் ஊகிக்கிறார். இதை 'ஹேட் டு பி ஹாட்' ஆக்கினால் பிரேக் சூடாக இருந்தே ஆக வேண்டும் என்று யாரோ உத்தரவு போட்டது போல் விழும்.

'மஸ்ட் நாட்'டில்தான் நிஜமான விபத்து. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 'யூ மஸ்ட் நாட் ஓவர்டேக் ஆன் தி பென்ட்ஸ்' என்று பயிற்சியாளர் சொன்னதை 'டிட் நாட் ஹேவ் டு ஓவர்டேக்' என்று எழுதினால் 'முந்த வேண்டிய அவசியமில்லை, விருப்பமிருந்தால் முந்தலாம்' என்று அர்த்தமாகிவிடும். 'ஹி டோல்ட் அஸ் தட் வி மஸ்ட் நாட் ஓவர்டேக்' என்றே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது 'ஹி டோல்ட் அஸ் நாட் டு ஓவர்டேக்.' இரண்டாவதுதான் குறிப்பேட்டுக்கு வசதி.

கே: மாம்பழ மண்டி வைத்திருக்கிறோம். 'இஃப்' வாக்கியங்களை மாற்றுவதில் எப்போதும் குழப்பம்.

ப: 'இஃப்' வாக்கியம் மூன்று ரகம், அதில் முதல் ரகம்தான் மாறும். 'இஃப் இட் ரெயின்ஸ், தி பிரைஸ் வில் ஃபால்.' நடக்கக்கூடியது. இது 'ஹி செட் தட் இஃப் இட் ரெயின்ட், தி பிரைஸ் வுட் ஃபால்' ஆகும். இரண்டு பக்கமும் மாற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தக் கூடாது.

'இஃப் ஐ ஹேட் எ கோல்ட் ஸ்டோரேஜ், ஐ வுட் கீப் தி மல்கோவா.' இவரிடம் குளிர்பதனக் கிடங்கு இல்லை, இருந்தால் வைப்பேன் என்கிறார். இந்த 'ஹேட்' பார்க்க இறந்தகாலம், உள்ளே கற்பனை. 'ஐ' மட்டும் 'ஹி' ஆகும், காலம் மாறாது. 'இஃப் ஹி ஹேட் ஹேட்… வுட் ஹேவ் கெப்ட்' என்று தள்ளினால் போன சீசனில் வாய்ப்பு தவறிப் போனதாகக் கதையே மாறிவிடும். அந்த 'வுட் ஹேவ்' ரகம்தான் மூன்றாவது, அதுவும் மாறாது.

இதில் ஒரு சிக்கல் இருப்பதை மறைக்க முடியாது. முதல் ரகத்தை மாற்றினால் அது இரண்டாம் ரகம் போலவே தோன்றும். 'இஃப் இட் ரெயின்ட்… வுட் ஃபால்' என்று படிக்கிறவருக்கு மழை வருமா, சும்மா கற்பனையா என்று தெரியாது. விலை பற்றிய தகவலுக்கு இது ஆகாது. வாரம் முடியாத வரை மாற்றாமல் எழுதுவதே மேல்: 'ஹி செட் இஃப் இட் ரெயின்ஸ் திஸ் வீக், தி பிரைஸ் வில் ஃபால்.'

கே: இதழியல் மாணவன். ஜூன் 10 அன்று அமைச்சர் 'மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கப்படும்' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் பேப்பரில் 'வில்'லா, 'வுட்'டா?

ப: டெல்டா குறுவைக்கு அணை திறக்கும் வழக்கமான நாளைச் சொல்கிறீர்கள். ஜூன் 11 பேப்பரில் இரண்டும் சரி. 'தி மினிஸ்டர் செட்' என்று தொடங்கினால் 'வுட் பி ஓபன்ட்' எழுதிவிடுவது பழக்கத்துக்கு நல்லது. 13-ம் தேதி பேப்பரில் அதே பேச்சைத் திரும்ப எழுதினால் 'வுட்' மட்டுமே.

ஆனால் 'தி மினிஸ்டர் ஹேஸ் அனவுன்ஸ்ட்' என்றோ 'தி மினிஸ்டர் செஸ்' என்றோ தொடங்கினால் பின்னால் இருப்பது அசையாது, 'வில்' அப்படியே நிற்கும். 'அக்கார்டிங் டு தி மினிஸ்டர்' என்றாலும் அப்படித்தான், அங்கே இழுக்க வினையே இல்லை. பேச்சுவழக்கில் வரும் 'ஹி இஸ் டெல்லிங் தட்' மட்டும் செய்தியில் வேண்டவே வேண்டாம், 'ஹி செஸ்' போதும்.

கே: 'ப்ளீஸ்', 'லெட் அஸ்' வரும் வாக்கியங்கள்? (சங்ககிரி)

ப: கட்டளை, வேண்டுகோளில் காலம் பார்க்கும் வேலையே இல்லை, 'டு' போட்டால் முடிந்தது. 'ப்ளீஸ் வெயிட்' என்பது 'ஷி ரெக்வெஸ்ட்டட் மீ டு வெயிட்.' 'ப்ளீஸ்'ஸை எடுத்துவிட வேண்டும், 'ரெக்வெஸ்ட்டட்'டில் அது அடங்கிவிட்டது. 'டோன்ட்' என்பது 'நாட் டு' ஆகும்.

'லெட் அஸ் கோ' என்பதற்கு 'ஹி சஜெஸ்ட்டட் கோயிங்' அல்லது 'ஹி சஜெஸ்ட்டட் தட் வி ஷுட் கோ.' 'சஜெஸ்ட்டட் டு கோ' தப்பு, 'சஜெஸ்ட்டட் மீ டு கோ' அதைவிடத் தப்பு.

கே: இன்டைரக்டில் மாறவே மாறாத சொற்கள் என்னென்ன?

ப: 'வுட்', 'குட்', 'ஷுட்', 'மைட்', 'ஆட் டு', 'யூஸ்ட் டு', 'ஹேட் பெட்டர்'. 'ஐ விஷ்', 'இட்ஸ் டைம்' இவற்றுக்குப் பின்னால் வரும் இறந்தகாலமும் மாறாது. 'கேன்' என்பது 'குட்' ஆகும், 'மே' என்பது 'மைட்' ஆகும். 'ஷல் ஐ ஓபன் தி கேட்?' என்று உதவிக்குக் கேட்டால் 'ஹி ஆஸ்க்ட் இஃப் ஹி ஷுட் ஓபன் தி கேட்', அங்கே 'வுட்' போடாதீர்கள்.